மானியத்துக்கு முன் பரிசோதனை



இந்த மாநாட்டின் தலைமை இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களில் பலர் என் ஆசிரியர்கள். அவர்களோடு கருத்து மாறுபட்டுத்தான் என் ஆய்வு வளர்ந்தது. அவர்களில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். அது பெருமை, நெஞ்சு சற்றுப் படபடக்கவும் செய்கிறது. என்னைத் தலைமைக்கு அழைத்த மாநாட்டுக் குழுவுக்கு நன்றி.

‘சிறுதொழில்களில் புத்தாக்கமும் அரசின் துணையும்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். சிறுதொழில் குறித்த 1955ஆம் ஆண்டின் கார்வே குழு, சில பொருள்களைச் சிறுதொழிலுக்கென ஒதுக்கி 1967இல் தொடங்கி 2015இல் முடிந்த பட்டியல், அதன்பின் வந்த புத்தொழில் நிதிகள் எல்லாம் இந்த அவை அறிந்தவை. அமர்வுக் கட்டுரைகளும் அவற்றை விரிவாகப் பேசவிருக்கின்றன. என் நேரத்தைப் பாலாற்றங்கரைக்குத் தருகிறேன்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் தொழிலைப் பற்றி நம்மில் பலர் எழுதியிருக்கிறோம். ஆய்வாளர் லொரேன் கென்னடியின் 1999 கட்டுரைக்குப் பிறகு அப்பகுதி ‘கூட்டுச் செயல்பாட்டின் வெற்றி’ என்றே பாடப்புத்தகங்களில் நின்றுவிட்டது. கழிவுநீர்ப் பிரச்சினையில் தொழிற்சாலைக்காரர்கள் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்பதை அவர் நுட்பமாக விளக்கினார். அதில் எனக்கு வழக்கு இல்லை. அவருக்குப் பின்வந்தவர்கள் அந்த விளக்கத்தை அப்பகுதியின் எல்லா மாற்றங்களுக்கும் பொருத்தினார்களே, அதோடுதான் வழக்கு.

பென்டாகுளோரோபீனாலை எடுத்துக்கொள்வோம். ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பயன்பட்ட மலிவான மருந்து அது. 1989 இறுதியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்றது. அதாவது, பத்து லட்சத்தில் ஐந்து பங்கு. கண்ணுக்கோ மூக்குக்கோ அகப்படாத அளவு. நம் தோலை அதிகம் வாங்கிய நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. தோல் பதனிடும் டிரம் இரண்டு மூன்று வைத்துத் தொழில் நடத்தியவர் என்ன செய்திருக்க முடியும்? மருந்து வணிகப் பெயரில் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது பல நேரம் விற்றவருக்கே தெரியாது. பழைய மருந்தை நிறுத்திய பிறகும் டிரம்மில் ஒட்டியிருந்த மிச்சம் புதிய தோலில் ஏறக்கூடும்.

ஆனாலும் சில ஆண்டுகளில் தொழில் மாறியது. ஜெர்மானிய வியாபாரியின் நெருக்கடியே காரணம் என்று ஒரு சாராரும், முதலாளிகளின் உறவு வலையே காரணம் என்று இன்னொரு சாராரும் எழுதினார்கள். வாங்குகிறவர் எது வேண்டாம் என்று சொல்லலாம். அதற்குப் பதில் எதைப் போடலாம் என்று சொல்லித்தர மாட்டார். உறவுக்காரருக்கும் அது தெரியாது. தெரிந்திருந்த இடம் சென்னை அடையாறு. 1948இல் நிறுவப்பட்ட, அங்குள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆய்வுக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ப் பேசும் பழக்கம் அதன் இயக்குநராக இருந்த நாயுடம்மா காலத்திலேயே வேரூன்றியிருந்தது. மாற்று மருந்து எது, தோலில் மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் திறன் அங்கே இருந்தது. 1991இல் மத்திய அரசு பென்டாகுளோரோபீனாலை நாட்டுக்குள்ளேயே தடை செய்தது. சில அசோ சாயங்களுக்கு 1994இல் ஜெர்மனி தடை விதித்தபோதும் கதை ஏறக்குறைய இதுதான். நம் அரசின் தடை 1997இல் வந்தது. சரக்கு ஊற்றிலேயே நின்றது. சின்ன தொழிற்சாலைக்காரர் ஒவ்வொரு பீப்பாயையும் சந்தேகப்பட வேண்டிய நிலை குறைந்தது. மீனு திவாரியும் பூனம் பிள்ளையும் 2005இல் அரசின் இந்தப் பங்கை எடுத்துக்காட்டினார்கள். அக்கட்டுரையை நாம் மேற்கோள் காட்டினோமே தவிர, அதன் வாதத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

முன்பொரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, “அரசைப் பாராட்டக் கிளம்பிவிட்டீர்கள்” என்றார் மூத்த நண்பர் ஒருவர். இல்லை. அதே பாலாற்றில் அதே அரசு தோற்றதையும் சொல்கிறேன். கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் செலவில் மத்திய அரசு கால் பங்கும் மாநில அரசு கால் பங்கும் ஏற்றன. தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்து 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. நிலையங்கள் எழுந்தன. ஆனால் பச்சைத் தோலைக் கெடாமல் காக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும் முதல் தண்ணீரிலேயே கரைந்து வெளியேறுகிறது. உயிரியல் முறைச் சுத்திகரிப்பு அந்த உப்பை எடுக்காது. நிலத்தடி நீரின் உவர்ப்பு அப்பகுதி விவசாயிகளுக்குத் தெரியும். முதல் சம்பவத்தில் பதனிடும் முறையே மாறியது. இரண்டாவதில் குழாயின் கடைசியில் ஒரு கட்டடம் சேர்ந்தது. இரண்டையும் ‘புத்தாக்க ஆதரவு’ என்ற ஒரே தலைப்பில் அடக்குவது பிழை என்பதே என் வாதம்.

நம் மானியத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. பல ஆண்டுகள் நடந்த கடனுடன் இணைந்த முதலீட்டு மானியத் திட்டத்தைப் பாருங்கள். ஒரு கோடி ரூபாய் வரையிலான இயந்திர முதலீட்டுக்கு 15 சதவீத மானியம் தரப்பட்டது. பட்டியலில் இடம்பெற்ற, ‘நன்கு நிலைபெற்ற’ தொழில்நுட்பமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. நிலைபெற்றதை வாங்கினால் பணம் கிடைத்தது. நிலைபெறாததை முயன்று பார்த்தால் இல்லை. இயந்திரம் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அதைப் புத்தாக்கம் என்று கணக்கெழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

முயன்று பார்ப்பதற்கே நிதி தரும், அமெரிக்காவில் 1982இல் சட்டமான சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டத்தைப் பற்றி இங்கே பலர் பேசவிருக்கிறார்கள். அரசின் நிதி, நிறுவனத்துக்கு நற்சான்று போல வேலை செய்கிறது என்று 1999இல் ஜாஷ் லெர்னர் வாதிட்டார். அதை நாம் இருபது ஆண்டு பாடமாக நடத்தினோம். 2017இல் சப்ரீனா ஹோவெல் அத்திட்டத்தில் அமெரிக்க எரிசக்தித் துறை தந்த நிதியை ஆராய்ந்தார். மயிரிழையில் நிதி பெற்றவர்களையும் மயிரிழையில் தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார். சுமார் ஒன்றரை லட்சம் டாலர் முதல் கட்ட உதவி, பிறகு தனியார் முதலீடு கிடைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. பத்து லட்சம் டாலர் வரையிலான இரண்டாம் கட்டத்தால் அப்படிப்பட்ட பயன் அதிகம் தெரியவில்லை. அவர் தரும் விளக்கத்தில் நற்சான்றுக்கு இடம் குறைவு. மாதிரியைச் செய்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்க முடிந்ததே காரணம். அடையாறு செய்த வேலையும் அதுதான்.

நம் ஆய்வு முறை குறித்தும் ஒரு வேண்டுகோள். திட்ட ஒதுக்கீட்டுப் புள்ளிவிவரங்களை நாம் மீண்டும் மீண்டும் அலசுகிறோம். பரிசோதனைக் கூடங்களின் பதிவேடுகளைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. ஒரே தொழிற்சாலையின் தோல் முதல் முறை தவறி, அடுத்த முறை மருந்து மாறி, மறுபடி தவறி, பிறகு தேறிய வரிசையை அந்தப் பதிவேடுகளில்தான் காண முடியும். சிறுதொழில் கற்றுக்கொள்வதற்கு அதைவிட நேரடியான சான்றை நான் அறியேன். பழைய பதிவேடுகள் கழிவுக் காகிதமாகப் போகுமுன் அவற்றைப் பாதுகாக்கும்படி கோரும் தீர்மானத்தை இந்த மாநாடு நிறைவேற்ற வேண்டும்.

நாளைய கொள்கை அமர்வுக்கு ஒரு முன்மொழிவு. உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் முறையை முயன்று பார்க்கச் சின்ன தொழிற்சாலைக்காரர் தயங்குவது இயந்திரச் செலவுக்காக அல்ல. முறை சரிவராவிட்டால் அந்த டிரம்மில் விட்ட தோல் முழுவதும் கெடும். அதற்கான கடன் அவர் தலையில் நிற்கும். நான் படித்த மானிய வழிகாட்டுதல்களில் இந்த இழப்புக்கு ஒரு தலைப்பு இல்லை. பரிசோதனைக் கட்டணத்தையும், ஆய்வுக்கூடத்தின் மேற்பார்வையில் முயன்று கெட்டுப்போன தோலின் விலையையும் அரசு ஏற்கட்டும். இதற்கு எதிரான வாதங்கள் இந்த அவையில் உண்டு என்று அறிவேன். முதல் அமர்விலேயே அவற்றை எழுப்புங்கள். நான் பதில் சொல்ல அணியமாக இருக்கிறேன்.