ஒற்றைப் பாதையும் உலோக வில்லையும்

இலங்கையின் வெலிமடை மக்கள் புகையிரதம் ஏறச் செல்லும் பண்டாரவளை, தியத்தலாவை நிலையங்களினூடாக 1924இல் பதுளையை எட்டிய மலையகப் பாதை ஒற்றைப் பாதையாகையால், எதிரெதிராக வரும் வண்டிகள் நிலையங்களில் மட்டுமே ஒன்றுக்கொன்று வழிவிட முடியும். இடைவழியில் அவை மோதாதிருக்க உதவுவது, 'டெப்லட்' எனப்படும் வட்டமான உலோக வில்லையாகும். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் வில்லைகளைக் கொண்டுள்ள பொறிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருப்பதால், அப்பாலுள்ள நிலைய அதிபர் மணிக்குறிப்பின் மூலம் இசைவு தந்தாலன்றி இப்பால் வில்லை வெளிவராது; ஒன்று வெளிவந்துவிட்டால், அது இரு பொறிகளில் ஒன்றினுள் மீண்டும் செலுத்தப்படும்வரை அடுத்ததை எவராலும் எடுக்க இயலாது. அவ்வில்லையைத் தோற்பையிலிட்டு, கையை நுழைத்துப் பற்றத்தக்க பெரிய வளையத்துடன் சாரதியிடம் கொடுப்பர். மெல்ல நகரும் வண்டியிலிருந்து அது கைமாறுவதைப் பயணிகள் வேடிக்கை பார்ப்பதுண்டு, ஆனால் அது வேடிக்கையன்று. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரு வண்டிகள் நேருக்குநேர் மோதிப் பலர் மாண்ட பின்னரே, எட்வர்ட் டையர் இப்பொறியை உருவாக்கி 1878இல் காப்புரிமை பெற்றார். மனித நினைவை நம்பாததே இதன் சிறப்பு. உரிய வில்லை கைக்கு வராமல் சாரதி அடுத்த பகுதிக்குள் வண்டியைச் செலுத்தலாகாது என்பது இம்முறையின் விதி.