பழைய கணினியும் நமது கடமையும்



ஒரு காலத்தில் நகரத்து அலுவலகங்களில் மட்டுமே காணப்பட்ட கணினி, இன்று தோட்டத்துக் குடியிருப்புகளிலும் இடம்பெற்றுவிட்டது. பிள்ளைகளின் படிப்பிற்கென வாங்கிய கணினி சில ஆண்டுகளில் பழுதடைகின்றது. பின்னர் அது வீட்டின் பின்புறத்தில் மழையிலும் வெயிலிலும் கிடக்கின்றது. அதனை எவ்வாறு கழிப்பது என்பது பற்றியே இன்று உங்களிடம் பேச விழைகின்றேன்.

எஞ்சியதை வீணாக்காத பண்பு உங்களுக்குப் புதிதன்று. வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் நீங்கள் விட்டுவிடுவதில்லை. அதுவும் நிறுக்கப்பட்டு ஆலைக்குச் செல்கின்றது. பால் வற்றிய மரமும் மேசை நாற்காலியாக மாறுகின்றது. அதுபோலவே பழைய கணினியிலும் செம்பும் அலுமினியமும் உண்டு. சிறிதளவு தங்கமும் உண்டு. ஆயினும், ஒட்டுப்பாலில் இல்லாத ஒன்று கணினியில் இருக்கின்றது. அதுதான் நஞ்சு.

பெட்டி வடிவிலான பழைய திரையின் கண்ணாடியிலும், பாகங்களைப் பலகையில் பிணைக்கும் ஈயப்பற்றிலும் ஈயம் கலந்துள்ளது. தட்டைத் திரைகளுள் பழைய வகையினவற்றின் விளக்குகளில் பாதரசம் உண்டு. மடிக்கணினியின் பேட்டரியை நசுக்கினாலும் துளைத்தாலும் அது தீப்பற்றக்கூடும்.

செம்பு நல்ல விலைக்குப் போகும் என்பதால் சிலர் கம்பிகளைக் கொளுத்துகின்றனர். குடும்பச் செலவிற்குச் சில ரிங்கிட் கிடைத்தால் நல்லதுதானே என எண்ணுவது இயல்பே. ஆனால், கம்பியின் உறை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் உண்டாகிப் புகையில் கலக்கின்றது. பலகைகளையும் சேர்த்து எரித்தால் ஈயமும் சாம்பலோடு மண்ணில் படிகின்றது. அம்மண்ணில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கின்றது. ஈயம் வளரும் மூளையைத் தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்க வல்லது. தீங்கு செய்யாத ஈய அளவு என எதுவும் அறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. பிள்ளையின் அறிவு வளர வாங்கிய கருவியே, அப்பிள்ளையின் அறிவை மழுங்கச் செய்யலாமா? சிந்தித்துப் பாருங்கள்.

அப்படியாயின் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, கணினி இன்னும் இயங்குமாயின், தேவைப்படும் மற்றொரு குடும்பத்திற்கு வழங்குங்கள்.

இரண்டாவதாக, கைமாற்றும் முன் அதிலுள்ள விவரங்களை அழியுங்கள். அடையாள அட்டையின் படம், வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி விவரம் ஆகியவை அதில் இருக்கக்கூடும். கோப்பை நீக்கிய மாத்திரத்தில் அது முற்றாக அழிந்துவிடுவதில்லை. விவரமறிந்த இளைஞரைக் கொண்டு முழுமையாக அழிக்கச் செய்யுங்கள். அல்லது வன்தட்டைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, உடைக்காமலும் எரிக்காமலும், சுற்றுச்சூழல் இலாகா அங்கீகரித்த சேகரிப்பு நிலையத்தில் ஒப்படையுங்கள். 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி மின்னியல் கழிவு கட்டுப்படுத்தப்பட்ட கழிவாகும். அதனைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். தெருவில் வரும் பழைய சாமான் லாரிக்காரர் செம்பை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை ஓடையோரம் கொட்டிவிட்டால், அந்த நஞ்சு நம்மிடமே திரும்பி வரும்.

நிலையங்கள் பெரும்பாலும் பட்டணங்களில் இருக்கின்றன. ஒரு கணினிக்காகப் பயணச் செலவு செய்வது கடினமே. ஆகவே, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ இளைஞர் மன்றமோ முன்வந்து, கூரையுள்ள ஓரிடத்தில் எல்லார் வீட்டுப் பழைய கருவிகளையும் சேர்த்து வைத்து, ஒரே லாரியில் அனுப்பலாம். தொலைக்காட்சி, குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், கைப்பேசி ஆகியவற்றையும் உடன் அனுப்பலாம்.

2022-ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறுகின்றது. அதில் கால்பங்கிற்கும் குறைவானதே முறைப்படி சேகரித்து மறுபயனுக்கு விடப்பட்டது. உலகத்தை ஒரே நாளில் நாம் திருத்திவிட முடியாது. ஆனால், நம் குடியிருப்பில் நச்சுப் புகை எழாமல் காக்க முடியும். அது நம் கையில் உள்ளது.