கம்பி வழியே போகும் காற்று

ஆடிக் காற்று கிளம்பினால் தொட்டியத்து வாழை விவசாயிக்கு நெஞ்சு படபடக்கும். தார் ஈன்ற மரங்களுக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரியெல்லாம் விழித்திருப்பார். அந்தப் பருவத்தில்தான் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று புகுந்து காற்றாலைகளைச் சுழற்றுகிறது.

ஆனால் மின்சாரத்தை வாழைத்தார் மாதிரி லாரியில் ஏற்றி அனுப்ப முடியாதே! கம்பி வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 2016இல் சுமார் 8 மாதத்தில் நிறுவிவிட்டார்கள். 400 கிலோவோல்ட் வழித்தடம் அப்படியல்ல. வயல் வயலாகக் கோபுரத்துக்கு இடம் கேட்டு, முடிய ஆண்டுகள் ஆகும். நிலம் கொடுக்கிற விவசாயிக்கு இழப்பீடு உடனே கைக்கு வந்தால் பாதி இழுபறி குறையும் என்பது என் எண்ணம். கம்பியில் இடமில்லாமல், நல்ல காற்றடிக்கும்போதே காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் இங்கே உண்டு. மனசு ஆறவில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியே தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே துடிப்பு, நொடிக்கு 50 முறை. ஓரிடத்தில் மேகம் மறைத்தால் இன்னோரிடம் தாங்கிக்கொள்கிறது.

2021இல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்முடைய புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் தடம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காற்று ஓய்ந்த மாதங்களில் வடக்கிலிருந்து மின்சாரம் இதில் வருகிறது. ஆடியில் நம் காற்று மிஞ்சினால், அதே கம்பியில் வடக்கே போகவும் வழியிருக்கிறது.