பாயிலருக்கு ஒரு நியாயம், கேத்தலுக்கு ஒரு நியாயமா?

(கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வேலை நேரம் என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று இதில் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்தின் வேலையா என்று கேட்கலாம். போராடிப் பெற்ற வெள்ளி எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்று பார்ப்பதும் சங்கத்தின் வேலைதான்.

தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்பு நிலங்களாக மாறிய பின் நம் குடும்பங்களில் பல டவுனுக்கு வந்துவிட்டன. வந்த நாள் முதல் தாய்மார்கள் ஒரே புகாரைச் சொல்கிறார்கள்: சோப்பு நுரைக்கவில்லை, பருப்பு வேகவில்லை, தேநீரின் மேல் ஆடை மிதக்கிறது, கேத்தலுக்குள் வெள்ளையாகக் காறை பிடிக்கிறது. இது கைப்பக்குவத்தின் குறை அல்ல, தோழர்களே. தண்ணீரின் குணம்.

மலையோரத் தோட்டங்களில் நாம் புழங்கியது ஓடைத் தண்ணீர். நம் நாட்டு மலைத்தொடர்களில் பெரும்பகுதி கருங்கல். அதில் கரையக்கூடிய சுண்ணாம்பு மிகக் குறைவு. ஆகவே அந்தத் தண்ணீர் மென்னீர். ஆனால் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கிலும் பெர்லிஸிலும் நிற்பவை சுண்ணாம்புக்கல் மலைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கல்லைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. கரைந்த கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரோடு வருகின்றன. அதுவே கடின நீர்.

பத்துமலைக்குப் போகாத தமிழர் நம்மில் உண்டா? குகையின் கூரையிலிருந்து விழுது விழுதாகத் தொங்கும் கல்லைப் பார்த்திருக்கிறோம். கரைந்த சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாகப் படிந்து கல்லானது அது. நம் கேத்தலில் படிவதும் அதே சரக்குதான். குகையில் பல்லாயிரம் ஆண்டில் நடப்பது, தீயின் வேகத்தால் அடுப்பில் சில வாரத்தில் நடந்துவிடுகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு நம் தொழில். 1 லிட்டரில் 60 மில்லிகிராம் வரை சுண்ணாம்பு இருந்தால் மென்னீர் என்பார்கள். 120க்கு மேல் கடின நீர். 180ஐத் தாண்டினால் மிகக் கடினம். உதாரணத்துக்கு 200 என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் 1 லிட்டரை நுரைக்க வைக்குமுன் சுமார் 1.2 கிராம் சோப்பு சுண்ணாம்போடு கூடிப் பிசுக்காகிச் செத்துப்போகிறது. 10 லிட்டர் வாளி முழுவதும் நுரைக்க வேண்டுமானால் 12 கிராம் சோப்பு வீண். அந்தப் பிசுக்குத்தான் வெள்ளைச் சட்டையைப் பழுப்பாக்குகிறது; குழந்தையின் தோலில் ஒட்டி வறட்சி தருகிறது. சுடுநீர்ப் பெட்டியும் ஆயுள் முடியுமுன் பழுதாகிறது. சம்பளச் சீட்டில் எழுதப்படாத பிடித்தம் இது! தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. டவுனில் தண்ணீருக்கும் காசு. அதன் சேதத்துக்கும் காசு.

முதலாளிமார்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். செம்பனை ஆலையில் பாயிலருக்குப் போகும் தண்ணீரைச் சோதித்து, கடினத்தை நீக்கிய பிறகே உள்ளே விடுகிறார்கள். காறை படிந்தால் சூடு ஏறாது, எரிபொருள் வீணாகும், குழாய் பழுத்து வெடிக்கும். ரப்பர்ப் பாலில் மெக்னீசியம் அதிகமானால் பால் நிலைக்காது என்பதால், செறிபால் ஆலையில் மருந்து போட்டு அதைப் படியவைத்து எடுக்கிறார்கள். இரும்புக்கும் பாலுக்கும் இத்தனை கவனிப்பு! தொழிலாளியின் அடுப்பங்கரைக்கு மட்டும் யாரும் இல்லை.

இந்த இடத்தைப் பார்த்துத்தான் இயந்திர வியாபாரிகள் நுழைகிறார்கள். "இந்தத் தண்ணீர் விஷம், சிறுநீரகத்தில் கல் வரும்" என்று பயமுறுத்தி, தவணைச் சீட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். கடின நீர் விஷம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டு இதற்கு எல்லை விதிக்கவில்லை. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. வெயிலில் வேலை செய்து போதிய தண்ணீர் குடிக்காமல் இருப்பதே கல்லுக்கு நாம் அஞ்ச வேண்டிய பெரிய காரணம். மேலும், தூசு பிடிக்கும் சாதாரண வடிகட்டியும் கரி வடிகட்டியும் கரைந்த சுண்ணாம்பைத் தடுக்கமாட்டா. அதை நீக்குபவை வேறு வகை இயந்திரங்கள். அவற்றின் விலையும் வேறு.

காசில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. குடிக்கக் காய்ச்சும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படிந்ததை விட்டு மேல்தெளிவை எடுத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்கு நீங்கும். தேநீருக்கும் பருப்புக்கும் அதுவே நல்லது. துணிக்குக் கட்டிச் சோப்பைவிடச் சலவைத் தூள் கடின நீரைத் தாங்கும். மழைநீர் மென்னீர், பிடித்து வைத்தால் துவைக்க உதவும். ஆனால் மூடி வைக்க வேண்டும். இல்லையேல் டிங்கிக் கொசு வளரும். கேத்தல் காறைக்குப் புளியோ வினிகரோ போதும். ஒரு எச்சரிக்கை: வினிகரோடு வெளுப்பு மருந்தைச் சேர்க்கவே கூடாது. நச்சுப் புகை எழும்.

தோழர்களே, வீட்டுக்கு வீடு சிக்கனம் செய்வதோடு இது முடியாது. ஆகவே மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று, நம் பகுதித் தண்ணீரின் கடின அளவை எழுத்தில் தரும்படி நீர் விநியோக நிறுவனத்துக்குக் கிளையின் பெயரால் கடிதம் அனுப்புவது. இரண்டு, அளவு மிகுதி என்று தெரிந்தால், மென்னீரைக் கலந்தோ கடினத்தைக் குறைத்தோ விநியோகிக்கும்படி குடியிருப்போர் அனைவரையும் சேர்த்து மனுச் செய்வது. மூன்று, இயந்திரத் தவணைச் சீட்டு எதிலும் கிளைக்குக் காட்டாமல் உறுப்பினர் எவரும் கையெழுத்திடாதிருப்பது.

தனி ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு. நாலு பேர் சேர்ந்து சொன்னால் கோரிக்கை. தாய்மார்களும் கை உயர்த்தி இத்தீர்மானங்களை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.