துப்பாக்கிக் கணக்கு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. மலருக்காக அங்கங்கே திருத்தியிருக்கிறேன். பேச்சு நடையை அப்படியே விட்டுவிட்டேன்.)



இந்தக் கல்லூரிக்கு நான் ஒரு தீர்ப்பு பாக்கி வைத்திருக்கிறேன். 2025 ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள் அல்லவா? அதற்குப் பிறகு நம் மாணவர்கள் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். தீவிரவாதத்தைத் தடுக்கத் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்க வேண்டுமா, தளர்த்த வேண்டுமா என்பது தலைப்பு. நான் நடுவர். இறுக்கு அணியில் ஒரு தங்கை, நாட்டில் உள்ள ஒவ்வொரு துப்பாக்கியும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் தீவிரவாதி எங்கே போவான் என்று கேட்டது. தளர்த்து அணியில் ஒரு தம்பி, அந்தப் புல்வெளியில் ஒரே ஒருவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்டுவிட்டு அப்படியே நிறுத்தினான். இரண்டுக்கும் விசில் பறந்தது. நானும் வழக்கமான நடுவர்கள் மாதிரி ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசினீங்க என்று மழுப்பிவிட்டு, பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தேன்.

திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார். என்னடா பேசினீங்க என்றார். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அதுல நம்ம துப்பாக்கி எந்தக் கட்சிடா?"

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருப்பது இங்கே பலருக்குத் தெரியாது. பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. மல்லாட்டைக் கொல்லைக்குக் காட்டுப்பன்னி வருகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்காக வாங்கிய லைசென்ஸ். பன்னியைச் சுடுவதற்கு அல்ல, அதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இடம் கொடுக்காது. ராத்திரியில் ஒரு வெடி வெடித்தால் ஒரு வாரம் அந்தப் பக்கம் வராது, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட உத்தரவும், காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்னியை வனத்துறைதான் சுடலாம் என்கிறது, விவசாயி அல்ல. தேர்தல் அறிவித்தால் அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். 2024ல் மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவித்தார்கள், ஜூன் 4ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். அதுவரை பன்னிக்குத்தான் ராஜ்யம்.

இந்தத் துப்பாக்கி எந்தக் கட்சி என்பதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன். பட்டிமன்றத் தீர்ப்பும் அதிலேயே வந்துவிடும்.

நம் நாட்டில் துப்பாக்கிக்குக் கணக்கு வைக்க ஆரம்பித்தது தீவிரவாதிக்குப் பயந்து அல்ல, நம்மைப் பார்த்துப் பயந்துதான். 1878ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அதே ஆண்டில் அதே வைசிராய்தான் தாய்மொழிப் பத்திரிகைகளுக்கும் பூட்டுப் போட்டார். 1931 கராச்சி காங்கிரசில் நிறைவேற்றிய தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்திருந்தார்கள். சுதந்திரம் வந்தபோது அது அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. 1959ல் நாமே ஒரு ஆயுதச் சட்டம் போட்டோம். வெள்ளைக்காரச் சலுகை போனது, லைசென்ஸ் இருந்தது.

இனி அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டைப் பாருங்கள். 1982 மே 19, சென்னை பாண்டி பஜார். பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் நடுத்தெருவில் சுட்டுக்கொண்டார்கள். 1986 நவம்பர் 1, தீபாவளி நாள், சூளைமேடு. ஈழப் போராளிக் குழுவினர் சுட்டதில் அந்தத் தெருக்காரர் ஒருவர் இறந்தார். ஒரே வாரத்தில், நவம்பர் 8ஆம் தேதி, எம்.ஜி.ஆர். அரசின் போலீஸ் மாநிலம் முழுக்க முகாம்களில் புகுந்து ஏ.கே.47 உள்ளிட்ட ஆயுதங்களை அள்ளியது. 1990 ஜூன் 19, கோடம்பாக்கம். பத்மநாபாவையும் உடனிருந்தவர்களையும் ஏ.கே.47ஆல் சுட்டுத் தள்ளினார்கள். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் துப்பாக்கியே இல்லை, இடுப்பில் கட்டிய வெடிகுண்டு. 1998 பிப்ரவரி 14 கோவையிலும் குண்டுகள்தான், 58 உயிர் போனது. 2008 நவம்பர் 26 மும்பைக்கு வந்த பத்துப் பேரும் கராச்சியிலிருந்து கடல் வழியே ஆயுதத்தோடு வந்தார்கள், 166 பேர் இறந்தார்கள்.

இதில் ஒரு துப்பாக்கியாவது எந்தக் கலெக்டர் ஆபீஸ் ரெஜிஸ்டரிலாவது இருந்திருக்குமா? நம்மூர் ரெஜிஸ்டரில் அப்பா பெயர் இருந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1992ல் வீரப்பன் கும்பல் கர்நாடகத்தில் ராமாபுரா போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கித் துப்பாக்கிகளை எடுத்துப் போனது. அவை கணக்கில் இருந்த துப்பாக்கிகள், ஆனால் கணக்கு அவற்றைக் காப்பாற்றவில்லை.

ஆனாலும் ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் நாம் திருத்துவது இந்தக் கணக்கைத்தான். ஏனென்றால் கைக்கு எட்டுவது அதுதான். கடலைத் திருத்த முடியாது, காகிதத்தைத் திருத்தலாம். மும்பைக்குப் பிறகு 2010ல் லைசென்ஸ் கொள்கை இறுகியது. 2012ல் லைசென்ஸ்களுக்குத் தேசியத் தகவல் தொகுப்பு வந்தது, ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எண். 2016ல் புது விதிகள். 2019 சட்டத் திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைக்கலாம் என்பதை இரண்டாக்கினார்கள். மசோதாவில் ஒன்று என்றுதான் இருந்தது, எதிர்ப்பு வந்ததால் இரண்டானது. தனி எண் வாங்கக் கெடுவைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் 2020 ஜூன் 29 என்றார்கள். அதற்குள் எண் இல்லாத லைசென்ஸ் செல்லாது.

அந்தத் தனி எண்ணுக்கு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி எண்ணில் ஒரு 3. அலுவலக ரெஜிஸ்டரில் அதே இடத்தில் 8. எந்தக் காலத்திலோ எந்தக் கையோ எழுதியது. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் 8 என்று ஏற்றிவிட்டார். ஆக, அப்பாவிடம் இருக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இருக்கும் துப்பாக்கி உலகத்திலேயே இல்லை! துப்பாக்கியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த இலக்கம் மழுங்கிப் போயிருந்தது. நாலு நடை நடந்தோம். அப்பா முகத்தில் அப்படி ஒரு கலக்கத்தை நான் பார்த்ததில்லை. "ஊர்ல நம்மள கள்ளத் துப்பாக்கி வச்சிருந்தவன்னு சொல்லுவானுங்களாடா" என்றார். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா, சாக்பீஸைப் பொடித்து அந்த இடத்தில் தேய்த்துத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். பள்ளத்தில் நின்ற வெள்ளைப் பொடியில் 3 பளிச்சென்று தெரிந்தது. நான் தொழிற்சாலையில் உதிரிபாகக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவன். இந்த சாக்பீஸ் வித்தையை எங்கள் ஸ்டோர்ஸில் நானே பத்துத் தரம் செய்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு இலக்கம் தெரியாமல் தப்பானதற்கே இவ்வளவு. தெரிந்தே தப்பாக எழுதினால்? ஜம்மு காஷ்மீரில் அது நடந்தது என்கிறது சி.பி.ஐ. 2012க்கும் 2016க்கும் இடையே, தகுதியில்லாதவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் மேல் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. துப்பாக்கி வியாபாரிகளும் அதிகாரிகளும் சேர்ந்து செய்ததாக வழக்கு. 2017ல் ராஜஸ்தான் போலீஸ் தோண்டியபோது வெளியே வந்தது. பஹல்காம் எந்த மண்ணில் இருக்கிறதோ அதே மண்ணில்தான்! தேசியத் தொகுப்பு வந்த அதே வருடங்களில்தான்! நம் பட்டிமன்றத்தில் இரண்டு அணியிலும் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. நடுவரும் சொல்லவில்லை, அவருக்கு அப்போது தெரியாது.

அப்படியானால் கணக்கே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். நியூசிலாந்து 1983லேயே, ஆளுக்கு லைசென்ஸ் கொடுத்தால் போதும், சாதாரணத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டது. 2019 மார்ச் 15ஆம் தேதி கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் லைசென்ஸ்காரன், கடையில் வாங்கிய துப்பாக்கிகளோடு வந்தவன். ஒரு மாதத்துக்குள் அந்த வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்து, காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். மொத்தம் எத்தனை வெளியே இருக்கிறது, எத்தனை திரும்பி வர வேண்டும் என்றால் அரசாங்கத்திடம் பதில் இல்லை. விட்ட கணக்கை 2023ல்தான் மறுபடி தொடங்கினார்கள். கனடா கதை தலைகீழ். 1989ல் மான்ட்ரியல் கல்லூரியில் 14 பெண்களை ஒருவன் கொன்றான், பெரும்பாலும் நம்மைப் போல பொறியியல் படித்தவர்கள். அதன் பிறகு 1995ல் சட்டம் போட்டு எல்லா நீளத் துப்பாக்கிக்கும் கணக்கு எடுத்தார்கள். வரவு போக 20 லட்சம் டாலர்தான் செலவு என்றார்கள். 2002ல் தணிக்கை அதிகாரி, செலவு நூறு கோடி டாலரைத் தாண்டும் என்றார். 2012ல் இழுத்து மூடிவிட்டார்கள்.

தளர்த்து அணித் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீ கேட்டது வெறும் உணர்ச்சி இல்லை. ஜம்முவின் மலைக் கிராமங்களில் 1995 முதலே ஊர்க்காரர்களுக்கு அரசாங்கம் துப்பாக்கி கொடுத்துத்தான் வந்தது. 2023 ஜனவரியில் ராஜௌரி மாவட்டம் டாங்ரியில் ஏழு பேர் இறந்த பிறகு, பயிற்சியோடு நல்ல துப்பாக்கி கொடுத்தார்கள். ஆனால் அவை அரசாங்கத் துப்பாக்கிகள், ஆள் பெயர் எழுதிக் கொடுத்தவை. அங்கேயும் ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது பார்.

கணக்கு இறுகும்போது யாருக்கு வலிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். நம் கிரிவலப் பாதையில் பாசிமணி விற்கிறார்களே, நரிக்குறவர்கள், அவர்களுடைய வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒரு காலத்தில் தொழில் கருவி. 1972 சட்டத்தில் வேட்டை போனது, துப்பாக்கியும் மெல்லப் போனது. பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் வந்தது 2023 ஜனவரியில்தான். அதற்காக ஐம்பது வருடம் கழித்துத்தான் நம் கணக்கு அவர்கள் பக்கம் திரும்பியது.

தங்கையின் கம்ப்யூட்டர் தீவிரவாதியைத் தடுக்காது. அதற்குக் கடலோரக் காவலும் உளவும் எல்லையும் வேண்டும், அது வேறு வேலை. ஆனால் இந்தப் புத்தகம் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. லைசென்ஸ்காரர் வீட்டில் திருட்டுப் போனால் எந்தத் துப்பாக்கி என்று சொல்லும். குடித்துவிட்டு மிரட்டுகிறவனிடமிருந்து வாங்கி வைக்கச் சொல்லும். தேர்தலில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லும். அந்த வேலைக்காகத்தான் அது சரியாக இருக்க வேண்டும். குண்டு வெடித்த மறுநாள் மட்டும் அதைத் தூசி தட்டினால் 3 எப்போதும் 8ஆகத்தான் இருக்கும். பட்டிமன்றத்துக்கு என் தீர்ப்பு இதுதான். இரண்டு அணிக்கும் பரிசு கிடையாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கேள்வி பாக்கி. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. 2016 விதிப்படி எழுபது வயதானால் வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். "ஒம் பேர்ல மாத்திக்கடா, தாத்தா காலத்துக் கொல்லை" என்றார். ஒரு மாதம் யோசித்தேன். நான் இருப்பது வெளியூரில். ராத்திரி பன்னி வந்தால் வெடிக்கப் போவது நான் இல்லை. துப்பாக்கி ஒரு வீட்டில், பெயருக்குரியவன் இன்னொரு ஊரில் என்றால், அதுவும் ஒரு தப்பான பதிவுதானே? "வேணாம்பா, ஒப்படைச்சிடலாம்" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே சாக்கை எடுத்துத் துப்பாக்கியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ரசீது குடுப்பாங்க இல்ல?"

"குடுப்பாங்கப்பா."

"நீயும் வா. நம்பரை ஒரு தரம் சரிபாத்துட்டு வாங்கு."