கொண்டையராஜுவின் மாணவர்கள்



வட்டார ஓவியர்களையும் ஓவிய ஆசிரியர்களையும் பற்றி ஆராயக் கூடியிருக்கிறோம். தலைமை உரை பொதுவாகப் பல பேரைத் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒருவரிடமே நிற்க விரும்புகிறேன். அவர் காலண்டர் ஓவியர் சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். தென் மாவட்டங்களில் அவர் வரைந்த படமோ அவர் மாணவர் வரைந்த படமோ இல்லாத பூசையறையைப் பார்ப்பது ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. ஆனால் தமிழகத்து நவீன ஓவிய வரலாறு என்று வகுப்பில் நாம் சொல்லும் கதையில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி வருவார், கே.சி.எஸ். பணிக்கர் வருவார், 1966இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் வரும், கொண்டையராஜு வரமாட்டார். ராய் சௌத்ரியும் பணிக்கரும் இருந்த அதே சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர்தான் அவரும். ராய் சௌத்ரி அங்கே தலைவராக வருவதற்கு முன்பே படித்து வெளியேறியவர்.

ஒரே பள்ளியின் படிக்கட்டில் இறங்கியவர்களில் சிலர் வரலாற்றுக்குள் போனார்கள், ஒருவர் வீடுகளுக்குள் போனார். இது ஏன் என்பதே என் கேள்வி. வீடுகளுக்குப் போனதைத் தாழ்வாக எண்ணும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

படிப்பு முடிந்தபின் அவர் வாழ்க்கை நேர்கோட்டில் செல்லவில்லை. திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, கடைசிவரை துறவுக்கு நெருக்கமான எளிய வாழ்க்கை. பிறகு நாடகக் குழுவில் சேர்ந்து படுதா எழுதினார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் குழு கோவில்பட்டியில் கலைந்தபோது, அவர் அந்தக் கரிசல் ஊரிலேயே தங்கிவிட்டார்.

நாடகப் படுதா எழுதிய அந்த ஆண்டுகளை ஆய்வாளர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. தர்பார், தெரு, காடு, நந்தவனம் என்று ஒரு குழுவுக்குச் சில படுதாக்கள் கட்டாயம் வேண்டும். அந்த ஒவ்வொரு படுதாவும் பல நாடகங்களுக்குப் பொருந்தியாக வேண்டும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அரண்மனையின் தூண்கள் உள்ளே உள்ளே போவதாகத் தெரிய வேண்டும். முன்னால் நிற்கும் நடிகரைத் திரை விழுங்கிவிடவும் கூடாது. கொண்டையராஜுவின் தெய்வப் படங்களை இந்த நினைவோடு பாருங்கள். பின்னால் ஏரியும் மலையும் மெல்லிய நிறத்தில் விலகி நிற்கும். முன்னால் தெய்வம் நேருக்கு நேராக நம்மைப் பார்க்கும். முகத்தில் நிழல் கனமாக விழாது. ஐரோப்பிய முறையில் தூரத்தைக் காட்டக் கற்ற கை, தரிசனத்துக்கு வேண்டிய நேர்ப்பார்வையையும் விட்டுக்கொடுக்காமல் இரண்டையும் ஒரே அட்டையில் வைத்திருக்கிறது. ரவிவர்மா 1894இல் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை நாடெங்கும் அனுப்பியவர். அந்த வழியில் வந்தவர்தான் கொண்டையராஜு என்று சொல்வது சரி. அதோடு நின்றுவிட்டால் பாதிதான் சொன்னதாகும். மதுரைக் கோயிலின் கம்பத்தடி மண்டபத்தில் திருமால் தாரை வார்க்க மீனாட்சியின் கைத்தலம் பற்றும் சொக்கர் சிற்பம் இருக்கிறதே, அதன் அருகில் அவருடைய மீனாட்சி கல்யாணப் படத்தை வைத்துப் பார்த்தால் அவர் யாரிடமெல்லாம் பாடம் கேட்டிருக்கிறார் என்பது விளங்கும்.

கோவில்பட்டியில் அவர் மாணவர்களுடன் நடத்தியது தேவி ஆர்ட் ஸ்டுடியோ. டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், மு. ராமலிங்கம் போன்றவர்கள் அவரிடம் கற்று, பின்னர் தாமே காலண்டர் ஓவியத்தில் பெயர் பெற்றார்கள். சேர்க்கை விதி, பாடத்திட்டம், பட்டயம் என்று எதுவும் இல்லாத பள்ளி அது. வேலையோடு வேலையாகக் கற்பதுதான் முறை. அங்கே வரைந்த படம் அச்சுக்காகச் சாத்தூரைத் தாண்டிச் சிவகாசிக்குப் போகும். தீப்பெட்டி, பட்டாசு ஒட்டுப்படங்களுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் அங்கே காலண்டருக்கும் கை கொடுத்தது. இன்றும் புது வருடக் காலண்டருக்கான ஆல்பங்கள் ஆடிப் பதினெட்டில் வெளியாகின்றன. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் மளிகைக்கடையும் தங்கள் பெயரை அச்சிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும். வருடம் முடிந்து தாள்களெல்லாம் கிழிந்தபின், படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். அன்றிலிருந்து அதற்குச் சந்தனமும் குங்குமமும். அப்படி வெட்டும்போது கடையின் பெயரோடு சில வேளை ஓரத்திலிருந்த ஓவியரின் கையெழுத்தும் போய்விடும்.

கையெழுத்து இருக்கும் படங்களிலும் நமக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. சிலவற்றில் ஆசிரியர் பெயரும் மாணவர் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. இது யார் கை என்று கேட்கப் பழகிய கலை வரலாறு இங்கே திணறுகிறது. முகம் அவருடையதா, நகை இவருடையதா என்று பிரிக்க முயன்று, முடியாதபோது இது தொழிற்பொருள் என்று ஒதுக்கிவிடுகிறது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனியின் முன் நாம் அப்படிக் கேட்பதில்லை. பட்டறையின் படைப்பு என்று தயக்கமின்றி மதிக்கிறோம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பட்டறைக்குத் தரும் மதிப்பை நம் தாத்தா காலத்துப் பட்டறைக்குத் தர ஏன் மறுக்க வேண்டும்? ஓர் ஆசிரியரின் எழுபத்தெட்டு ஆண்டு வாழ்க்கையில் அவர் தனியாக முடித்த படங்களை மட்டும் எண்ணினால் அவரைப் பாதியாகக் குறைத்துவிடுகிறோம். மாணவரின் கையில் அவர் கோடு எங்கே தொடர்கிறது, எங்கே மாணவர் அதை விட்டு விலகித் தம் வழியில் போகிறார் என்று பார்ப்பதும் அவருடைய வரலாற்றை எழுதுவதுதான்.

காலண்டர் ஓவியத்தை ஆராய்ந்த அயல்நாட்டு அறிஞர்கள் சிலர் கோவில்பட்டிக்கு வந்து இவர்களோடு பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. தமிழில் நாம் செய்ய வேண்டியதோ அப்படியே கிடக்கிறது. அச்சுப் படங்கள் பரண்களில் செல்லரிக்கின்றன. அட்டையில் வரைந்த மூலப்படங்கள் அச்சகத்துக்குப் போனபின் என்னவாயின என்று தேட வேண்டும். நிறம் பிரித்த கேமராக்காரர்கள், நெகட்டிவைத் திருத்தியவர்கள், ஆர்டர் பிடித்த முகவர்கள் ஆகியோரின் நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். இதை நான் அவசரத்தோடு சொல்கிறேன். அவர்களுக்கெல்லாம் வயதாகிவிட்டது.

கட்டுரை வாசிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவரிடம் யார் கற்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊரையாவது சொல்லுங்கள். ஓவியர் குடும்பத்தினரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் கொண்டுவந்திருக்கும் படங்களைப் பக்கத்து அறையில் ஒளிப்படம் எடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். யாரோ பென்சிலால் எழுதிய ஒரு தேதியோ அச்சகத்தின் முத்திரையோ அங்கே இருக்கக்கூடும். அந்தப் படங்களுக்குப் பட்டியல் போடும் வேலையை நம் மாணவர்கள் இன்று பிற்பகலிலேயே தொடங்குகிறார்கள். அவர்களோடு நானும் உட்காருகிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் அமர்வின் கட்டுரையாளர்கள் மேடைக்கு வருக.