குவார்ட்டரும் இடுப்புச் சுற்றளவும்

குடிப்பழக்கம் உள்ள ஆண் ஒருவர் வயிற்று ஸ்கேன் எடுத்து, ‘ஃபேட்டி லிவர்’ என்று எழுதிய சீட்டோடு வெளியே வந்தால், வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, இது குடியால் வந்ததா, சாப்பாட்டால் வந்ததா என்பது. இரண்டில் ஒன்றைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. குடியும் தொப்பையும் சர்க்கரையும் ஒரே உடம்பில் சேர்ந்தால், ஒன்றின் கேட்டை இன்னொன்று பல மடங்காக்குகிறது.

டாஸ்மாக் குவார்ட்டர் பாட்டிலின் லேபிளில் 180 மில்லி, 42.8 சதவீதம் என்று இருக்கும். கணக்குப் போட்டால் அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால், அதிலும் 40 கிராம் இருக்கிறது. ‘பீர்தானே’ என்று தள்ளிவிட முடியாது. இந்த ஆல்கஹாலைக் கல்லீரல்தான் எரித்தாக வேண்டும். அந்த வேலை நடக்கும்வரை கொழுப்பை எரிக்கும் வேலை பின்தங்கிவிடும், புதுக்கொழுப்பும் உருவாகும். தொப்பை உள்ளவருக்கோ வயிற்றுக் கொழுப்பு ஏற்கெனவே கல்லீரலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கூடவே பரோட்டாவும் பொரித்த கறியும் என்றால் சொல்லவே வேண்டாம்.

ஸ்காட்லாந்தில் 9,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்குச் சுமார் 120 கிராம் ஆல்கஹாலும் அதற்கு மேலும் குடித்தவர்களை, உடல் பருக்காத, குடிக்காத ஆண்களோடு ஒப்பிட்டார்கள். ஒல்லியாகவோ சரியான எடையிலோ இருந்த குடிகாரர்கள் கல்லீரல் நோயால் இறக்கும் வாய்ப்பு 3 மடங்கு. உடல் பருமனும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 19 மடங்கு. அந்த 120 கிராம் நம் ஊர்க் கணக்கில் வாரத்துக்கு இரண்டே குவார்ட்டர்.

‘எங்க தாத்தா தினமும் குடிச்சாரு, எண்பது வயசு வரைக்கும் இருந்தாரே’ என்பார்கள். இருந்திருக்கலாம். கமலை இறைத்து, ஏர் ஓட்டிய உடம்பு அது; தொப்பை ஏது, சர்க்கரை ஏது? இன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி லாரி ஓட்டுபவரும் திண்டுக்கல் கடைவீதியில் கல்லாவில் இருப்பவரும் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. தவிர, எண்பது வரை இருந்த தாத்தாவை ஊரே உதாரணம் காட்டும். நாற்பத்தைந்தில் வயிறு வீங்கிப் போனவரை யாரும் காட்டுவதில்லை.

‘எனக்கு வலியே இல்லையே’ என்பதும் ஆறுதல் ஆகாது. கொழுப்பு படியும் கல்லீரல் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஒரு தையல் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடும் பேன்ட்டின் அளவு இதற்கு உதவாது. 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், வெறும் வயிற்றில் சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். வெறும் கொழுப்பு நிலையில் இருக்கும்போதே குடியை விட்டால், பலருக்குச் சில வாரங்களிலேயே கல்லீரல் தேறத் தொடங்கும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் எவ்வளவு குடிக்கிறார் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மருந்தின் துணையோடு நிறுத்தட்டும்.